மரம் மாறினால் மண் எப்படி மாறுகிறது? காட்டு மண்ணின் கரிமப் பொருளை முதன்முறை அளப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

பைன் மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் நடந்தால் கால் மெதுவாக உள்ளே அமுங்கும். அவ்வளவு சருகு. அகன்ற இலை மரங்கள் நிற்கும் பல காடுகளில் சருகு இரண்டு விரல் கனம்கூட இருக்காது, காலால் விலக்கினாலே மண் தெரிந்துவிடும். இரண்டையும் பார்த்துவிட்டு வரும் எவருக்கும் பைன் காட்டில்தான் கரிமப் பொருள் அதிகம் என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். அளந்து பார்த்த பிறகுதான் மேலே கிடப்பதை மட்டும் வைத்து மண்ணை மதிப்பிடக் கூடாது என்று புரிந்தது.

மரவகை மாறும்போது முதலில் மாறுவது கரிமப் பொருள் எங்கே சேர்கிறது, எந்த வடிவில் சேர்கிறது என்பவைதான். மொத்த அளவு பெரிதாக மாறாமலே இருக்கலாம். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால், எங்கே தோண்டுவது, எதை எதிலிருந்து பிரிப்பது, எப்படிக் கணக்குப் போடுவது எல்லாம் தானாகப் பிடிபடும்.

தொடங்கும் முன்: எதை அளக்கப் போகிறோம்?

மண்ணின் கரிமப் பொருள் என்பது ஒரே பொருள் அல்ல. பாதி மக்கிய இலைத் துணுக்கு, செத்த வேர், பூஞ்சை இழை, இறந்த நுண்ணுயிர்களின் எச்சம், களிமண் துகளோடு ஒட்டிக்கொண்ட கரிமச் சேர்மங்கள் எல்லாம் சேர்ந்ததுதான் அது. இதை இரண்டு பங்காகப் பிரித்துப் பார்ப்பது பயன் தரும். ஒன்று, கண்ணுக்குத் தெரியும் துணுக்குகள். இவை சில ஆண்டுகளிலோ சில பத்தாண்டுகளிலோ மக்கிப்போகும், தீ வந்தால் உடனே போய்விடும். மற்றொன்று, கனிமத் துகள்களோடு பிணைந்த பங்கு. இது பல பத்தாண்டுகள் முதல் நூற்றாண்டுகள் வரை தாங்கக்கூடியது. ஆய்வகங்களில் 53 மைக்ரான் சல்லடையில் மண்ணை ஈரமாகச் சலித்து இரண்டையும் பிரிக்கிறார்கள். சல்லடையைக் கடந்து போவது கனிமப் பங்கு, மேலே தங்குவது துணுக்குப் பங்கு.

கரிமப் பொருள் வேறு, கரிமம் (கார்பன்) வேறு. கரிமப் பொருளின் எடையில் ஏறக்குறையப் பாதிதான் கரிமம். பழைய அட்டவணைகள் கரிம அளவை 1.724ஆல் பெருக்கிக் கரிமப் பொருளைக் கணக்கிடும். பல மண்களுக்கு 2 என்ற எண்ணே பொருத்தம் என்பது பிற்கால ஆய்வுகளின் முடிவு. எந்த எண்ணைப் பயன்படுத்தினீர்கள் என்று குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். முடிந்தால் கரிமம் என்ற அளவிலேயே பேசுங்கள், குழப்பம் குறையும்.

படி 1: மண்ணைத் தோண்டும் முன் மரத்தைப் படியுங்கள்

காட்டில் எந்த மரங்கள் எந்த விகிதத்தில் நிற்கின்றன என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒவ்வொரு மரத்தைப் பற்றியும் சிலவற்றை விசாரிக்க வேண்டும்.

முதலில் இலை. இலையில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) உள்ள விகிதம் மக்கும் வேகத்தைப் பெரிதும் தீர்மானிக்கிறது. பைன் ஊசிச் சருகில் இந்த விகிதம் பெரும்பாலும் 60ஐத் தாண்டும். காற்றின் தழைச்சத்தை வேரில் நிலைப்படுத்தும் ஆல்டர் போன்ற மரங்களின் சருகில் 20க்கு அருகில் இருக்கும். விகிதம் சுமார் 25க்கு மேல் போனால், சருகைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குச் சருகில் உள்ள தழைச்சத்து போதாது. மண்ணிலிருந்து இழுத்துக்கொள்ளும், வேலையும் மெதுவாகும். லிக்னின் (மரத்துக்கு உறுதி தரும் பொருள்), பிசின், டானின் (துவர்ப்புப் பொருள்) அதிகமுள்ள இலையும் மெதுவாகத்தான் மக்கும்.

பலர் கவனிக்காமல் விடுவது இலையில் உள்ள சுண்ணாம்புச் சத்து (கால்சியம்). போலந்தின் சீமியானிட்சே ஆய்வுக் காட்டில் 1970களின் தொடக்கத்தில் 14 மர வகைகளைப் பக்கம் பக்கமாக, ஒரே மாதிரி மண்ணில் நட்டார்கள். சுமார் 30 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, சுண்ணாம்புச் சத்து மிகுந்த இலை உதிர்க்கும் மேப்பிள், லிண்டன் போன்ற மரங்களின் அடியில் மண்புழு அதிகம், மண்ணின் அமிலத்தன்மை குறைவு, சருகு மறையும் வேகமும் அதிகம். மண்புழு இலையைக் கீழே இழுத்துச் சென்று மண்ணோடு கலந்துவிடுகிறது. மேலே சருகு குறைவாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். கரிமத்தில் ஒரு பங்கு காற்றில் போகிறது, இன்னொரு பங்கு மண்ணுக்குள் இடம் மாறியிருக்கிறது.

இந்த வேறுபாட்டை முதலில் முறையாக விவரித்தவர் டென்மார்க்கின் பி. இ. முல்லர். 1870களின் இறுதியில் அவர் காட்டு மட்கை இரு வகையாகப் பிரித்தார். சருகு தனி அடுக்காக, கம்பளம்போல் மண்மேல் கிடந்தால் அது ‘மோர்’. மண்ணோடு கலந்து கறுத்து, உதிரியாக இருந்தால் அது ‘முல்’. இடைப்பட்டதற்குப் பின்னால் ‘மோடர்’ என்று பெயர் வந்தது. இன்றும் காட்டு மண் படிப்பவர்கள் இந்தச் சொற்களைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டாவது, வேர். இலையைக் காட்டிலும் வேரிலிருந்து வரும் கரிமம் மண்ணில் நெடுநாள் தங்குகிறது. வேர் ஏற்கெனவே மண்ணுக்குள் இருக்கிறது, களிமண் துகள்களுக்கு நடுவே மக்குகிறது. ஆகவே இலை குறைவாக உதிர்க்கும் மரம் என்று எதையும் ஒதுக்கிவிட வேண்டாம். மூங்கில் மேல் மண்ணில் வேரும் கிழங்குமாகப் பின்னிக்கிடக்கும். ஆழமாக வேர்விடும் மரம் கீழடுக்குக்குக் கரிமத்தைக் கொண்டுபோகும்.

மூன்றாவது, வேரோடு கூட்டுச் சேரும் பூஞ்சை. பைன், ஓக், யூகலிப்டஸ் போன்றவற்றின் வேர் நுனியைப் பூஞ்சை வெளியிலிருந்து உறைபோல் மூடும். மேப்பிள், தேக்கு உட்பட இன்னும் பல மரங்களில் அது வேர் செல்லுக்குள்ளேயே புகும். உறை போர்த்தும் பூஞ்சைகள் சருகில் உள்ள தழைச்சத்தை மரத்துக்கு எடுத்துக் கொடுத்துவிடுவதால், மக்கவைக்கும் மற்ற உயிர்கள் பட்டினி கிடக்கும். நியூசிலாந்தில் ரேடியாட்டா பைன் தோப்பில் வேர்களைத் துண்டித்து, அந்தப் பூஞ்சைகளை விலக்கிப் பார்த்தபோது சருகு வேகமாக மக்கியது. 1971இல் வெளிவந்த அந்த முடிவை, ஆராய்ந்த இருவரின் பெயரால் கட்கில் விளைவு என்கிறார்கள். எல்லாக் காட்டிலும் இது தென்படுவதில்லை. ஆனால் ஊசியிலைக் காட்டில் சருகு ஏன் அவ்வளவு குவிகிறது என்று கேட்டால், இலையின் வேதியியலோடு இதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

சீக்கிரம் மக்கும் இலை மண்ணுக்கு எதையும் விட்டுவைக்காது என்று நினைக்கவும் வேண்டாம். அந்த இலையைத் தின்று பெருகிய நுண்ணுயிர்கள் இறந்த பிறகு, அவற்றின் எச்சம்தான் களிமண் துகளில் போய் ஒட்டுகிறது. மெதுவாக மக்கும் ஊசியிலை மேலே குவியலாகத் தெரியும். வேகமாக மக்கும் இலையின் சேமிப்போ கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கும்.

படி 2: ஒப்பிடும் இடங்களைத் தேர்ந்தெடுங்கள்

மற்றப் படிகளில் சிறு பிழை நேர்ந்தால் சரிசெய்துகொள்ளலாம். இங்கே தவறினால் மொத்த உழைப்பும் வீண். ஆகவே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

மரம் மண்ணை மாற்றுகிறது. மண்ணும் எந்த மரம் அங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. வறண்ட மணற்பாங்கான மேட்டில் பைன் நிற்கிறது, ஈரமான பள்ளத்துக் களிமண்ணில் அகன்ற இலை மரங்கள் நிற்கின்றன என்று வையுங்கள். இரண்டிலும் மண் எடுத்து, ‘பைன் மண்ணைக் கெடுக்கிறது’ என்று எழுதினால் அது பைன் மேல் போடும் வீண்பழி. 1941இல் ஹான்ஸ் ஜென்னி மண் உருவாகும் காரணிகளைத் தட்பவெப்பம், உயிர்கள், நிலத்தின் ஏற்ற இறக்கம், மூலப்பாறை, காலம் என்று ஐந்தாகப் பிரித்தார். உயிர்களின் விளைவை, அதாவது மரத்தின் விளைவைப் பார்க்க வேண்டுமென்றால் மற்ற நான்கும் இரண்டு இடங்களிலும் முடிந்தவரை ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒரே சரிவில், ஒரே உயரத்தில், ஒரே வகைப் பாறைமேல், அடுத்தடுத்து நிற்கும் இரு தோப்புகள் கிடைத்தால் நல்லது. ஒரே ஆண்டில் நட்டவையாக இருந்தால் இன்னும் நல்லது. மண் ஒன்றுதானா என்பதை உறுதி செய்ய ஒரு வழி உண்டு: 50 செ.மீ.க்குக் கீழிருந்து கொஞ்சம் மண் எடுத்து விரலால் உருட்டிப் பாருங்கள். அந்த ஆழத்தில் மண்ணின் தன்மையை, அதாவது களியா மணலா என்பதை மரவகை எளிதில் மாற்றிவிடாது. கீழே ஒன்று களியாகவும் மற்றது மணலாகவும் இருந்தால் அந்த ஜோடியைக் கைவிடுங்கள். களிமண்ணின் பங்கு மரவகையைவிடப் பெரிய வித்தியாசத்தைக் கொண்டுவரும்.

அப்புறம் நிலத்தின் வரலாறு. முன்பு உழுத நிலமா, மேய்ச்சல் நிலமா, தீ வந்ததா என்று அறிந்தவர்களிடம் கேளுங்கள். உழுத நிலத்தில் மரம் நட்டு 20 ஆண்டு ஆகியிருந்தால், அங்கே குறைவாகத் தெரியும் கரிமம் உழவின் விளைவாக இருக்கலாம். மண்ணில் கரித்துண்டுகள் தென்பட்டால் தீயின் சாட்சி அது. ஆய்வகக் கருவி கரியையும் கரிமமாகவே எண்ணும், அது பல நூறு ஆண்டு பழையதாக இருந்தாலும்.

ஒரே பைன் தோப்பில் 30 குழி போட்டால் 30 சான்று கிடைத்ததாகப் பலர் நினைக்கிறார்கள். கிடைத்தது ஒரே ஒரு தோப்பின் விவரம்தான். பைன் காடுகளைப் பற்றிப் பொதுவாக ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் தனித்தனியான பைன் தோப்புகள் வேண்டும். வகைக்குக் குறைந்தது மூன்று, முடிந்தால் ஐந்து. ஒவ்வொன்றிலும் குறைவாகத் தோண்டினாலும் பரவாயில்லை.

படி 3: சருகை அடுக்கடுக்காக எடுங்கள்

உள்ளளவு 25 செ.மீ. பக்கமுள்ள சதுரச் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். தோப்புக்குள் 20 மீட்டர் சதுரத்தைக் கட்டி, அதில் எட்டுப் பத்து இடங்களைச் சீட்டுக் குலுக்கிப்போட்டுத் தேர்ந்தெடுங்கள். கண்ணுக்கு நன்றாகப் படும் இடத்தில் சட்டத்தை வைக்கக் கூடாது. அடிமரத்தை ஒட்டிய இடத்திலும், இரண்டு மரங்களுக்கு நடுவிலும் சருகும் அமிலத்தன்மையும் வேறுபடும். ஆகவே மரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் குறியுங்கள்.

சட்டத்தின் ஓரமாகக் கத்தியால் கீறி, மூன்று அடுக்காக எடுக்க வேண்டும். மேலே முழு இலை, என்ன மரத்தின் இலை என்று சொல்ல முடியும். நடுவில் உடைந்து, பூஞ்சை இழை ஓடிய அரைமக்கு. அடியில் எந்த இலை என்று அடையாளம் தெரியாத கறுப்பு மக்கு. மூன்றையும் தனித்தனித் தாள் பைகளில் போடுங்கள். ஞெகிழிப் பையில் ஈரத்தோடு வைத்தால் வழியிலேயே மக்கத் தொடங்கிவிடும்.

கறுப்பு மக்கு எங்கே முடிகிறது, மண் எங்கே தொடங்குகிறது என்பதுதான் கடினம். விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். வழுவழுவென்று, மணல் உறுத்தாமல் இருந்தால் மக்கு. உறுத்தினால் மண். சந்தேகம் வந்தால் இருவர் தனித்தனியாகத் தேய்த்துப் பார்த்து முடிவு செய்யலாம். இந்த எல்லையை ஒரு செ.மீ. தவறாகப் பிடித்தாலும் மேல் மண்ணின் கரிம அளவு எகிறிவிடும். நான் தொடங்கிய காலத்தில் மக்கைச் சரியாக விலக்காமல் மண்ணை அள்ளினேன். முதல் தொகுப்பின் எண்கள் எதுவும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, முழுவதையும் திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று.

சருகைக் காயவைத்து எடை போடுங்கள். 65 முதல் 70 டிகிரி செல்சியஸில், எடை குறைவது நிற்கும் வரை. ஒரு சட்டத்துக்குள் கிடைத்த சருகின் எடையை 16ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்கான எடை.

படி 4: மண்ணை ஆழம் பிரித்து எடுங்கள்

சருகு விலக்கிய அதே இடத்தில் 0–10, 10–20, 20–40 செ.மீ. என்று பிரித்து எடுங்கள். காடுகளில் முதல் ஒரு மீட்டரில் உள்ள கரிமத்தில் சுமார் பாதி மேல் 20 செ.மீ.யில் இருக்கிறது என்பது உலக அளவில் கண்ட சராசரி. ஆகவே மேலடுக்கை நெருக்கமாகப் பிரிப்பது அவசியம். அதற்காகக் கீழடுக்கைத் தவிர்க்காதீர்கள், மீதிப் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஒவ்வொரு ஆழத்திலும் இரண்டு மாதிரி வேண்டும். ஒன்று, பல குழிகளிலிருந்து கலந்த மண். இது கரிம அளவுக்கு. மற்றொன்று, கன அளவு தெரிந்த இரும்பு வளையத்தை அடித்து இறக்கி, கலையாமல் எடுக்கும் மண். இது பரும அடர்த்திக்கு. வளைய மண்ணை 105 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தி, எடையை வளையத்தின் கன அளவால் வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். கல் அதிகமான மண்ணில் கல்லின் எடையையும் கன அளவையும் கழித்துவிடுங்கள்.

கலந்த மண்ணை நிழலில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலித்து, தெரியும் வேர்களைப் பொறுக்கி எடுங்கள். எவ்வளவு நேரம் பொறுக்குகிறீர்கள் என்பது எல்லா மாதிரிக்கும் ஒன்றாக இருக்கட்டும்.

காட்டில் இருக்கும்போதே வேறு சில சோதனைகளும் செய்துவிடலாம். 25 செ.மீ. சதுரத்தில் 20 செ.மீ. ஆழம் தோண்டி மண்புழுக்களை எண்ணுங்கள். உலர்ந்த மண்ணின் மேல் ஒரு சொட்டு நீர் விடுங்கள். 5 நொடிக்கு மேல் உள்ளே போகாமல் நின்றால், அந்த மண் நீரை விலக்குகிறது என்று பொருள். யூகலிப்டஸ், பைன் தோப்புகளில் இதை அடிக்கடி பார்க்கலாம். இலையின் மெழுகும் எண்ணெயும் மண் துகளைப் பூசிவிடுவதுதான் காரணம்.

படி 5: ஆய்வகத்தில்

மண்ணை எரித்து வெளிவரும் வாயுவை அளக்கும் உலர் எரிப்புக் கருவி கிடைத்தால் அதுவே சிறந்தது, கரிமமும் தழைச்சத்தும் சேர்ந்தே கிடைக்கும். சுண்ணாம்பு மண் என்றால் முதலில் நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்புக் கல்லின் கரிமமும் கணக்கில் சேர்ந்துவிடும், அதை நீக்கிய பிறகே அளக்க வேண்டும்.

1934இல் வந்த வாக்லி–பிளாக் முறை இன்னும் பல ஆய்வகங்களில் இருக்கிறது. டைக்ரோமேட் என்ற வேதிப்பொருள் கொண்டு கரிமத்தை ஆக்சிஜனேற்றும் இந்த முறை சராசரியாக 77 விழுக்காட்டைத்தான் பிடிக்கும். அதனால் விடையை 1.3ஆல் பெருக்குகிறார்கள். ஆனால் காட்டுக்குக் காடு அந்த விழுக்காடு மாறும். டைக்ரோமேட் நச்சு, கழிவைத் தனியாகச் சேகரிக்க வேண்டும். அதனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

எளிய வழி, உலையில் எரித்து எடை இழப்பைப் பார்ப்பது. 105 டிகிரியில் உலர்த்திய மண்ணை 450 முதல் 550 டிகிரிக்குள் ஒரே வெப்பத்தில் சில மணி நேரம் எரித்து, குறைந்த எடையைக் கணக்கிடுங்கள். களி மிகுந்த மண்ணில் கனிமங்களுக்குள் கட்டுண்ட நீரும் வெளியேறி விடையைக் கூட்டிக் காட்டும். ஒரே மண்ணின் மேல் நிற்கும் தோப்புகளை ஒப்பிட இது போதும். இப்படிக் கிடைப்பது கரிமப் பொருளின் அளவு, கரிமம் வேண்டுமென்றால் தொடக்கத்தில் சொன்ன எண்ணால் வகுங்கள்.

படி 6: கணக்கு

கரிம விழுக்காடு × பரும அடர்த்தி × ஆழம். அடர்த்தி கன செ.மீ.க்குக் கிராமிலும் ஆழம் செ.மீ.யிலும் இருந்தால், விடை எக்டேருக்கு இத்தனை டன் என்று நேராக வரும்.

பழகிக்கொள்ள நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை. பைன் தோப்பில் சருகு சதுர மீட்டருக்கு 3 கிலோ, அதில் 40 விழுக்காடு கரிமம்: எக்டேருக்கு 12 டன். மேல் 10 செ.மீ.யில் 2.0 × 1.1 × 10 = 22 டன். அடுத்த 10 செ.மீ.யில் 1.6 × 1.2 × 10 = 19.2 டன். மொத்தம் 53.2.

அகன்ற இலைத் தோப்பில் சருகு அரைக் கிலோ: 2 டன். மேல் மண் 3.0 × 1.0 × 10 = 30 டன். அடுத்தது 1.9 × 1.1 × 10 = 20.9 டன். மொத்தம் 52.9.

சருகில் ஆறு மடங்கு வித்தியாசம், மொத்தத்தில் ஒன்றுமே இல்லை! டென்மார்க்கில் ஆறு மர வகைகளைப் பல இடங்களில் பக்கம் பக்கமாக நட்டு, சுமார் 30 ஆண்டுகள் கழித்து அளந்தபோதும் மரங்களுக்கிடையே வித்தியாசம் சருகு அடுக்கில்தான் தெளிவாகத் தெரிந்தது, கனிம மண்ணில் மிகக் குறைவு.

இன்னொரு நுணுக்கமும் இதில் இருக்கிறது. பைன் மண் இறுக்கமானது, 20 செ.மீ.யில் 2,300 டன் மண். மற்றதில் 2,100 டன்தான். ஒரே ஆழம் என்று எடுத்தோம், ஒரே அளவு மண்ணை எடுக்கவில்லை. பொதபொதப்பான மண்ணில் இன்னும் 200 டன் மண் கீழிருந்து சேர்த்தால் அதன் கணக்கு ஒன்றிரண்டு டன் கூடும். வித்தியாசம் சிறியதாக இருக்கும்போது இப்படிச் சம எடைக்குத் திருத்துவது அவசியம்.

படி 7: மக்கும் வேகத்தையும் பாருங்கள்

இருப்பை மட்டும் அளந்தால் வரவு செலவு தெரியாது. 1 மி.மீ. கண்ணுள்ள வலைப் பைகளில் எடை தெரிந்த உலர்ந்த சருகைப் போட்டுக் காட்டில் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை சிலவற்றை எடுத்து எடை பாருங்கள். சிறுகண் வலையில் மண்புழு நுழையாது. அதன் பங்கும் வேண்டுமென்றால் பெரிய கண் வலையையும் வையுங்கள். பைன் சருகை அகன்ற இலைக் காட்டிலும், அகன்ற இலைச் சருகைப் பைன் காட்டிலும் மாற்றி வைத்தால், வேகத்தைத் தீர்மானிப்பது இலையா இடமா என்று பிரித்தறியலாம்.

இன்னும் எளிதாக வேண்டுமா? 2013இல் ஒரு முறை வெளியானது. பச்சைத் தேயிலைப் பையையும் ரூயிபோஸ் (தென்னாப்பிரிக்க மூலிகைத் தேநீர்) பையையும் 8 செ.மீ. ஆழத்தில் சுமார் 90 நாள் புதைத்து, எடை இழப்பை ஒப்பிடுவது. எந்தக் காட்டிலும் ஒரே பொருள் என்பதால் இடங்களை ஒப்பிட வசதி. ஆனால் இது உங்கள் மரத்தின் சருகைப் பற்றி எதுவும் சொல்லாது.

ஆண்டுக்கு எவ்வளவு சருகு விழுகிறது என்பதையும் தொங்கும் வலைக்கூடை வைத்து அளந்தால், கிடக்கும் சருகை அதால் வகுக்கலாம். நம் எடுத்துக்காட்டில் 30 டன் சருகு கிடக்க, ஆண்டுக்கு 4 டன் விழுந்தால் சராசரியாக ஏழரை ஆண்டு தங்குகிறது. இதற்கு முதிர்ந்த, நிலைபெற்ற காடு வேண்டும்.

இந்த வழிமுறை அப்படியே பொருந்தாத காடுகள்

நீர் தேங்கும் சதுப்புக் காட்டிலும் அலையாத்திக் காட்டிலும் இலையின் தன்மையைவிடக் காற்றில்லாமைதான் ஆட்சி செய்கிறது. ஆக்சிஜன் இல்லாத சேற்றில் எந்த வேரும் மெதுவாகத்தான் மக்கும். முற்றாச் சதுப்புக்கரி நிலங்கள் (பாதி மக்கிய செடிகொடி எச்சம் தடித்த அடுக்காகச் சேர்ந்த ஈர நிலங்கள்) உலக நிலப்பரப்பில் சுமார் 3 விழுக்காடுதான், ஆனால் மண் கரிமத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்கே இருக்கிறது. அங்கே 40 செ.மீ.யில் நிறுத்தினால் எதையும் பார்த்ததாகாது, அடி காணும் வரை துளைக்க வேண்டும்.

வெப்பமண்டல மழைக்காட்டில் சருகு ஏராளமாக விழும், சில மாதங்களிலேயே பெரும்பகுதி மறைந்துவிடும். வடகோடிக் குளிர்க்காட்டில் குறைவாக விழும், பல ஆண்டு கிடக்கும். இந்த இரண்டையும் அருகருகே வைத்து மரவகையின் விளைவு என்று எழுதாதீர்கள், அங்கே பேசுவது தட்பவெப்பம். கலப்புக் காட்டில் எந்தப் புள்ளிக்கு எந்த மரம் காரணம் என்று சொல்வது கடினம். சட்டத்துக்குள் விழுந்த இலைகளை வகை பிரித்து எடை போடுவதே ஒரே வழி.

கடைசியாக, ஒவ்வொரு குழியின் இருப்பிடத்தையும் துல்லியமாகப் பதிந்து, சலித்த மண்ணில் ஒரு கைப்பிடியைக் காற்றுப்புகாப் புட்டியில் பெயர், தேதி, ஆழம் எழுதி வைத்துவிடுங்கள். மரவகை மாறினால் சருகு அடுக்கில் பத்து ஆண்டுக்குள் மாற்றம் தெரியும். கனிம மண்ணில் தெரிய இருபது முப்பது ஆண்டு ஆகலாம். அன்றைக்கு அதே குழிக்கு அருகே தோண்டப்போகிறவர் வேறொருவராக இருப்பார், அவருக்கு உங்கள் புட்டிதான் வேண்டியிருக்கும்.